வியன்னாவில் தண்ணீருக்குக் காசு இல்லை

வியன்னாவுக்கு முதல் முறையாகப் போகிறவர் யாரும் வெறும் மனத்தோடு போவதில்லை. மொசார்ட், பீத்தோவன், ஷூபர்ட் என்ற பெயர்கள், ஹாப்ஸ்பர்க் பேரரசர்களின் அரண்மனைகள், கல் பாவிய தெருவில் குளம்பொலி எழுப்பும் குதிரை வண்டிகள் எல்லாம் சேர்ந்து, விமானம் ஏறுவதற்கு முன்பே ஒரு நகரம் மனத்துக்குள் கட்டி முடிக்கப்பட்டிருக்கும். சென்னையிலிருந்து போன அந்தப் பயணிக்கும் அப்படித்தான். மனத்தில் கட்டிய நகரம் அங்கே இருக்கத்தான் செய்கிறது. ஆனால், இறங்கியதும் அவரை முதலில் நிற்க வைத்தது ஒரு மெட்ரோ நிலையத்தின் வாசல்.

அந்த வாசலில் தடுப்பே இல்லை. அட்டையைக் காட்டினால் விலகும் கதவோ, சுழலும் இரும்புக் கம்பியோ, பரிசோதிக்க ஓர் ஆளோ கிடையாது. பயணச்சீட்டில் நேர முத்திரை பதிக்க ஒரு சிறிய பெட்டி மட்டும் ஓரமாக நிற்கிறது. சீட்டு வாங்கியவர்கள் முத்திரை குத்திக்கொண்டு நடக்கிறார்கள். ஆண்டு அட்டை வைத்திருப்பவர்கள் அதுகூட இல்லாமல் நேரே ரயிலுக்குப் போகிறார்கள். எப்போதாவது பரிசோதகர்கள் ஏறுவார்கள். சீட்டில்லாமல் பிடிபட்டால் 100 யூரோவுக்கு மேல் அபராதம். நகரம் முதலில் நம்புகிறது, பிறகுதான் சோதிக்கிறது.

அந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு கணக்கும் உண்டு. 2012இல் வியன்னா மாநகராட்சி ஆண்டுப் பயண அட்டையின் விலையை 365 யூரோவாகக் குறைத்தது. மெட்ரோ, டிராம், பேருந்து எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு யூரோ. 2025 முடியும்வரை அந்த விலை மாறவில்லை. விலை அவ்வளவு குறைவாக இருந்தபோது ஏமாற்றுவதால் கிடைத்த லாபம் சொற்பம்.

மெட்ரோ வரைபடத்தில் யு1, யு2, யு3, யு4, யு6 என்று ஐந்து தடங்கள். யு5 எங்கே என்று கேட்காத வெளியூர்க்காரர் இருக்க மாட்டார். பல பத்தாண்டுகளாகக் காகிதத்திலேயே இருந்த அந்தத் தடத்துக்கு இப்போதுதான் சுரங்கம் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். யு4, யு6 தடங்களின் பழைய நிலையங்கள் பல, கட்டடக் கலைஞர் ஓட்டோ வாக்னர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நகர ரயிலுக்காக வடிவமைத்தவை. வெள்ளைச் சுவரும் பச்சை வண்ணமடித்த இரும்பு வேலைப்பாடும் கொண்ட அந்தக் கட்டடங்களைப் பார்க்க எந்த அருங்காட்சியகத்துக்கும் போக வேண்டாம். வேலைக்குப் போகிறவர்கள் காலை அவசரத்தில் அவற்றின் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

ஸ்டெஃபான்ஸ்பிளாட்ஸ் நிலையத்தில் இறங்கி மேலே வந்தால், கண்ணெதிரே புனித ஸ்டீபன் பேராலயம். அதன் தெற்குக் கோபுரம் 136 மீட்டர் உயரம். கூரையில் சுமார் 2,30,000 வண்ண ஓடுகள். எல்லோரையும் போலப் பயணியும் முதலில் அண்ணாந்துதான் பார்த்தார். பிறகு பிரதான வாசலின் இடப்பக்கச் சுவரில் பதிக்கப்பட்டிருந்த இரண்டு இரும்புக் கம்பிகள் கண்ணில் பட்டன. ஒன்று நீளம், மற்றொன்று சற்றுக் குட்டை. பழைய காலத்தில் துணி அளக்கும் கோல்கள் அவை. சந்தையில் துணி வாங்கியவருக்குச் சந்தேகம் வந்தால், நேரே ஆலய வாசலுக்கு வந்து தன் துணியை அந்தக் கம்பியில் வைத்து அளந்து பார்க்கலாம். சோழர் காலத்துக் கோயில் சுவர்களில் நிலம் அளக்கும் கோலின் நீளத்தைக் கோடாகச் செதுக்கி வைத்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கம்பிகளின் வேலையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

1945 ஏப்ரலில், போரின் கடைசி நாட்களில், இந்த ஆலயம் தீப்பிடித்தது. மரக்கூரை முழுவதும் எரிந்து விழுந்தது. துருக்கியரிடமிருந்து கைப்பற்றிய பீரங்கிகளை உருக்கி 1711இல் வார்த்த ‘பும்மெரின்’ என்ற மாபெரும் மணி கீழே விழுந்து நொறுங்கியது. நாடே பசியில் இருந்த நேரம் அது. இருந்தும் ஆஸ்திரியாவின் மாநிலங்கள் ஆளுக்கொரு பங்கை ஏற்றுக்கொண்டன. மேல் ஆஸ்திரியா மணியைப் புதிதாக வார்த்துத் தந்தது. கீழ் ஆஸ்திரியா தரைக் கற்களையும், டிரோல் ஜன்னல்களையும், ஃபோரார்ல்பெர்க் மர இருக்கைகளையும் கொடுத்தன. 1952இல் ஆலயம் முழுமையாகத் திறக்கப்பட்டது. உள்ளே நடக்கும்போது, காலடியில் இருக்கும் தரை ஒரு மாநில மக்களின் கொடை என்று தெரிந்து நடப்பது வேறு விதமான அனுபவம்.

அடுத்து காப்பி. கும்பெண்டார்ஃபர் தெருவில் 1880இல் திறந்த கஃபே ஷ்பெர்ல் இன்னும் அதே இடத்தில் இருக்கிறது. உயர்ந்த கூரை, தேய்ந்த மெத்தை இருக்கைகள், பில்லியர்ட்ஸ் மேசைகள், மரச் சட்டத்தில் மாட்டிய செய்தித்தாள்கள். ‘மெலாஞ்ச்’ கேட்டால், பால் நுரை ததும்பும் காப்பி ஒரு சிறிய உலோகத் தட்டில் வருகிறது. அதே தட்டில், கேட்காமலேயே ஒரு கண்ணாடிக் குவளை தண்ணீர். காப்பி தீர்ந்த பிறகும் எழுந்திருக்கச் சொல்லி யாரும் வந்து நிற்பதில்லை. ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு அரை நாள் படிக்கலாம், எழுதலாம். வியன்னாவின் இந்தக் காப்பிக்கடைப் பண்பாட்டை ஆஸ்திரியா 2011இல் தன் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

பயணியின் கவனமோ தண்ணீரில் இருந்தது. பனி மலையடிவாரத்தில் குடித்தது போன்ற குளிர்ச்சி. குளோரின் வாடை துளியும் இல்லை. குழாய்த் தண்ணீர்தான் என்றார் பரிமாறியவர், அதில் சொல்ல என்ன இருக்கிறது என்ற முகத்தோடு.

சொல்ல நிறைய இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வியன்னா மக்கள் பெரும்பாலும் கிணற்று நீரையே நம்பியிருந்தார்கள். கழிவு கலந்த கிணறுகளால் டைஃபாய்டும் காலராவும் திரும்பத் திரும்ப வந்தன. மாநகர மன்றத்தில் உறுப்பினராக இருந்த எடுவார்ட் சூஸ் என்ற நிலவியலாளர், நகரத்துக்குத் தென்மேற்கே ஆல்ப்ஸ் மலையில் ஊறும் சுனை நீரையே நேரடியாகக் கொண்டுவரலாம் என்று வாதாடினார். இந்தியாவும் ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்ததைக் குறிக்க நம் பள்ளிப் பாடநூல்களில் வரும் ‘கோண்டுவானா’ என்ற கண்டப் பெயரைச் சூட்டியவரும் இதே சூஸ்தான். அவ்வளவு தொலைதூரக் காலத்தை யோசித்த மனிதர், தன் ஊரின் ஏழைக் குடியிருப்புகளில் என்ன தண்ணீர் குடிக்கிறார்கள் என்பதையும் யோசித்தார்.

1873 அக்டோபர் 24 அன்று பேரரசர் ஃபிரான்ஸ் யோசஃப் முன்னிலையில் ஷ்வார்ட்சென்பெர்க் சதுக்கத்து நீரூற்று வானை நோக்கிப் பீறிட்டது. மலை நீர் நகரத்துக்குள் வந்து சேர்ந்துவிட்டது என்பதற்கு அடையாளம். 1910இல் ஹோக்ஷ்வாப் மலைப்பகுதியிலிருந்து சுமார் 180 கிலோமீட்டர் நீளத்துக்கு இரண்டாவது குழாய்த் தடமும் வந்தது. இரண்டிலும் தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தன் போக்கில் ஓடி வருகிறது. நகரை அடையும்வரை இறைக்க மோட்டார் தேவையில்லை. இறங்கி வரும் வழியில் மின்சாரமும் எடுக்கிறார்கள். சுனைகளைச் சுற்றியுள்ள காடுகளை மாநகராட்சியே வாங்கிப் பாதுகாக்கிறது. தெருக்களிலும் பூங்காக்களிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடிநீர்க் குழாய்கள். பயணி தன் காலி பாட்டிலை அவற்றிலேயே நிரப்பிக்கொண்டார். 2019 தண்ணீர்ப் பஞ்சத்தின்போது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த சென்னையின் மனிதர் அவர். தெருக்குழாயில் பாட்டில் நிறையும் வரை அவர் கண் அந்த நீரைவிட்டு அகலவில்லை.

பழைய நகரத்தைச் சுற்றி ஓடும் ரிங் சாலை இன்னொரு பாடம். அங்கே முன்பு கோட்டை மதில் இருந்தது. 1857இல் பேரரசர் அதை இடிக்க ஆணையிட்டார். அந்த இடத்தில்தான் நாடாளுமன்றம், நகர மன்றம், பல்கலைக்கழகம், அருங்காட்சியகங்கள் எல்லாம் வரிசையாக எழுந்தன. 1869இல் மொசார்ட்டின் ‘டான் ஜோவானி’யுடன் திறந்த ஆப்பெராவும் இதே சாலையில்தான். நல்ல இருக்கைகளின் விலை 200 யூரோவைத் தாண்டும். ஆனால் அதே அரங்கில், அதே இசையை, 20 யூரோவுக்குள் நின்றுகொண்டே கேட்க இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். உள்ளே போனதும் கழுத்துத் துண்டைக் கைப்பிடிக் கம்பியில் கட்டிவிட்டால் அந்த இடம் உங்களுடையது என்பது அங்கே நெடுநாள் வழக்கம். யாரும் அவிழ்க்க மாட்டார்கள். பயணிக்கு ஒரு பக்கம் கல்லூரி மாணவி, மறுபக்கம் பல்லாண்டுகளாக வந்துகொண்டிருக்கும் முதியவர். எந்த இடத்தில் கைதட்டக் கூடாது என்று முதியவர் கண்ணாலேயே சொல்லிக் கொடுத்தார்.

இப்படித் தாராளமான நகரம் ஒரு காலத்தில் தன் மக்களில் ஒரு பகுதியினரை வெளியே தள்ளியது. 1938 மார்ச் 15 அன்று ஹெல்டன்பிளாட்ஸ் சதுக்கத்தில் ஹிட்லரை வரவேற்கப் பெருங்கூட்டம் திரண்டது. பெர்க்காஸே 19ஆம் எண் வீட்டில் ஏறக்குறைய அரை நூற்றாண்டு வாழ்ந்த சிக்மண்ட் ஃபிராய்ட் அதே ஆண்டு லண்டனுக்குத் தப்பிப் போனார். போக முடியாமல் தங்கிய அவருடைய நான்கு சகோதரிகள் கொல்லப்பட்டார்கள். யூடன்பிளாட்ஸ் சதுக்கத்தில், பிரிட்டிஷ் சிற்பி ரேச்சல் வைட்ரீட் உருவாக்கி 2000இல் திறந்த நினைவுச் சின்னம் ஒரு கான்கிரீட் நூலகம். அடுக்குகளில் இருக்கும் நூல்கள் எல்லாம் முதுகை உள்ளே காட்டி நிற்பதால் ஒரு தலைப்பையும் படிக்க முடியாது. கதவுகளுக்குக் கைப்பிடி இல்லை. கொல்லப்பட்ட 65,000 ஆஸ்திரிய யூதர்களுக்கான சின்னம் அது. தண்ணீரும் இசையும் எல்லோருக்கும் என்று பேசும்போது, அந்த ‘எல்லோரும்’ யார் என்பதை ஒரு காலத்தில் எவ்வளவு எளிதாகச் சுருக்கிவிட்டார்கள் என்பதைப் பயணி அங்கே நின்று எண்ணிப் பார்த்தார்.

யு4 தடத்தின் கடைசி நிலையம் ஹைலிகன்ஷ்டாட். வெளியே வந்தால் எதிரே ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமாக நீளும் ஒரே கட்டடம்: கார்ல் மார்க்ஸ் ஹோஃப். 1927 முதல் 1930 வரை, கட்டடக் கலைஞர் ‘கார்ல் ஏன்’ என்பவரின் வடிவமைப்பில், தொழிலாளர்களுக்காக மாநகராட்சி கட்டிய 1,382 வீடுகள். பணம் எங்கிருந்து வந்தது? நிதிப் பொறுப்பிலிருந்த ஹூகோ பிரைட்னர் 1923இல் கொண்டுவந்த வீட்டு வரியிலிருந்து. பெரிய மாளிகைகளுக்கு அதிக வரி, சிறிய வீடுகளுக்கு மிகக் குறைவு. நிலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே கட்டி, மீதியைத் தோட்டமாகவும் முற்றமாகவும் விட்டார்கள். சலவைக்கூடம், குளியலறைகள், மழலையர் பள்ளி, நூலகம் எல்லாம் வளாகத்துக்குள்ளேயே. வளைவுகளுக்கு மேல் சுதந்திரம், நலவாழ்வு, அறிவொளி, உடற்பயிற்சி ஆகியவற்றைக் குறிக்கும் நான்கு சிலைகள். 1934 பிப்ரவரியில், எதேச்சாதிகார அரசு இந்தக் குடியிருப்பின் மீது பீரங்கி கொண்டு சுட்டது. கட்டடம் நின்றது. இன்றும் அங்கே குடும்பங்கள் வாழ்கின்றன. பால்கனிகளில் துணி காய்கிறது. வியன்னாவாசிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் மாநகராட்சி வீடுகளிலோ அரசு உதவி பெற்ற வீடுகளிலோ குடியிருக்கிறார்கள்.

மாலையில் பயணி போனது டானூப் தீவுக்கு. இயற்கை தந்த தீவு இல்லை அது. வெள்ளத்துக்கு வடிகாலாக 1972 முதல் 1988 வரை ஒரு புதிய கால்வாயைத் தோண்டினார்கள். தோண்டிய மண்ணைக் கொட்டியதில் 21 கிலோமீட்டர் நீளத் தீவு உருவானது. வீண் செலவு என்ற எதிர்ப்பு அன்று பலமாகவே இருந்தது. இப்போது நகர மையத்திலிருந்து யு1 ரயிலில் சில நிமிடங்களில் வந்து, கட்டணமில்லாமல் நீந்துகிறார்கள். துருக்கிய மொழியும் செர்பிய மொழியும் கலந்து கேட்க, குடும்பங்கள் இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தன. சைக்கிள்கள் மணியடித்துக்கொண்டு பறந்தன. டானூபில் வெள்ளம் வரும்போது மதகுகளைத் திறந்து அதே கால்வாயில் நீரைத் திருப்பிவிடுகிறார்கள்.

மறுநாள் காலைக்கு ஷோன்ப்ரூன் அரண்மனை என்று குறித்து வைத்திருந்தார். அன்றிரவே அதை அடித்துவிட்டு, பாயர்பாக் ரைஷனாவ் போகும் ரயிலுக்கு நேரம் பார்த்தார். அங்கிருந்து பள்ளத்தாக்கு வழியாகப் போனால் கைசர்ப்ரூன் சுனை. 1873இல் வியன்னாவுக்கு வந்த முதல் மலைத் தண்ணீர் புறப்பட்ட இடங்களில் ஒன்று.