ஒரு கோழி, ரெண்டு தட்டு... ரோம் வீடுகளின் ஆகஸ்ட் 15 விருந்து!

ஆகஸ்ட் 15 என்றால் நமக்குக் கொடியேற்றமும் மிட்டாயும். இத்தாலியின் தலைநகர் ரோமில் அன்று கோழிக்கறி நாள்!

அந்த நாளுக்கு 'ஃபெராகோஸ்டோ' என்று பெயர். அறுவடை வேலை முடிந்த களைப்பு தீர, பேரரசர் அகஸ்டஸ் கி.மு. 18-ல் ஏற்படுத்திய விடுமுறைதான் இதன் தொடக்கம். பிற்காலத்தில் இது மாதாவின் விண்ணேற்புத் திருநாளோடு சேர்ந்துகொள்ள, இன்று இத்தாலி முழுக்க அரசு விடுமுறை.

அந்த வாரம் ரோமில் வெயில் மண்டையைப் பிளக்கும். பல கடைகளின் ஷட்டரில் 'விடுமுறை' என்று காகிதம் ஒட்டியிருக்கும். பாதி ஊர் ஓஸ்டியா கடற்கரைக்கும் மலைப்பக்கமும் கிளம்பிவிடும். வீட்டில் இருப்பவர்களோ, வெயில் ஏறும் முன்பே அடுப்பை மூட்டிக் குடமிளகாயைச் சுட ஆரம்பித்துவிடுவார்கள்.

ஒரே தட்டில் வராது!

இத்தாலி சாப்பாடு என்றதும் நம் ஊர் கஃபேக்களில் வரும் 'சிக்கன் ஆல்ஃபிரெடோ பாஸ்தா'தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆல்ஃபிரெடோ என்பவர் ரோமில் உணவகம் நடத்தியவர்தான். ஆனால், அவர் செய்தது வெண்ணெயும் சீஸும் மட்டும் சேர்த்த பாஸ்தா. க்ரீமும் சிக்கனும் அமெரிக்காவில் சேர்ந்துகொண்டவை.

ரோம் வீடுகளில் பாஸ்தா முதல் தட்டு. அதன் பெயர் 'ப்ரீமோ'. அதைக் காலி செய்த பிறகே இரண்டாவது தட்டில் கறி வரும், அது 'செகோண்டோ'. இதில் வெறும் சம்பிரதாயம் மட்டும் இல்லை. கறி அரிதாகக் கிடைத்த காலத்தில், பாஸ்தாவில் பாதி வயிறு நிறைந்துவிட்டால் ஆளுக்கு இரண்டு துண்டு கோழியே விருந்தாகிவிடும்.

ஃபெராகோஸ்டோவில் அந்த இரண்டு தட்டும் ஒரே கோழியிலிருந்து வருகின்றன. ஈரல், இதயம், இரைப்பை எல்லாம் பாஸ்தா சாஸுக்கு. கறி, குடமிளகாயோடு குழம்புக்கு. எதுவும் வீணாகாது. ரோமின் டெஸ்டாச்சியோ பகுதியில் 1975 வரை பெரிய இறைச்சிக்கூடம் இருந்தது. நல்ல கறி வசதியானவர்கள் வீட்டுக்குப் போக, அங்கே வேலை பார்த்தவர்களுக்குக் குடலும் ஈரலுமே மிஞ்சின. அதிலிருந்தே ரோமின் பேர்பெற்ற பல உணவுகள் பிறந்தன.

நான்கு பேருக்குச் செய்யலாமா?

ஒன்றேகால் கிலோ கோழியைத் தோலோடு எட்டுத் துண்டாக்குங்கள். ஆலிவ் எண்ணெயில் பூண்டு போட்டு, துண்டுகள் பொன்னிறமாகும்வரை வறுங்கள். அரை டம்ளர் வெள்ளை ஒயின் ஊற்றி வற்றவிடுவது ரோம் வழக்கம். வேண்டாதவர்கள் தண்ணீர் தெளிக்கலாம். அரைக் கிலோ தக்காளியை நறுக்கிச் சேர்த்து, உப்பு, மிளகுத்தூள் போட்டு, மூடி, சிறு தீயில் முக்கால் மணி நேரம் வேகட்டும். சிவப்பு, மஞ்சள் குடமிளகாய் நான்கைத் தீயில் சுட்டு, தோலுரித்து, நீளமாக நறுக்கிக் கடைசிக் கால் மணி நேரத்தில் சேருங்கள்.

பாஸ்தாவுக்கு 400 கிராம் மைதா, 4 முட்டை. பிசைந்து அரை மணி நேரம் மூடி வைத்து, மெல்லியதாகத் தேய்த்து ரிப்பன்போல வெட்டினால் 'ஃபெட்டுச்சினே' தயார். இரைப்பையையும் இதயத்தையும் பொடியாக நறுக்கி, வெங்காயம், தக்காளியோடு மிருதுவாகும்வரை வேகவிடுங்கள். ஈரலைக் கடைசி ஐந்து நிமிடத்தில் போட்டால் போதும். முன்பே போட்டால் ரப்பராகிவிடும்.

100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு என்பது இத்தாலியக் கணக்கு. புது பாஸ்தா இரண்டு, மூன்று நிமிடத்தில் வெந்துவிடும். வடித்த தண்ணீரில் ஒரு கரண்டியை சாஸில் ஊற்றுங்கள். அதிலிருக்கும் மாவுச்சத்துதான் சாஸை பாஸ்தாவோடு ஒட்ட வைக்கும்.

கோழியைச் சூடாகப் பரிமாற வேண்டியதில்லை. முதல் நாளே செய்து வைத்தால் சாறு ஊறி இன்னும் ருசிக்கும் என்பார்கள். நம் வீட்டு மீன்குழம்புபோலத்தான்! கடைசியில் தட்டில் மிஞ்சும் சாற்றை ரொட்டியால் வழித்துச் சாப்பிடுவதற்கும் ஒரு பெயர் உண்டு: 'ஸ்கார்பெட்டா', அதாவது குட்டிச் செருப்பு.

ஒன்று மட்டும் முக்கியம். எலும்பில்லாத பாக்கெட் சிக்கன் வாங்கினால் முதல் தட்டு கிடையாது. கோழிக்கடையில் முழுக்கோழியாக வெட்டச் சொல்லிவிட்டு, "ஈரலைத் தூக்கிப் போட்டுடாதீங்கண்ணே" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். பாதி விருந்து அதில்தான் இருக்கிறது.