பாக்கெட்டுக்கு அடியில் இருந்த நிறம்

அப்பாவின் வேலைச் சட்டைகள் மொத்தம் ஒன்பது. எல்லாம் முழுக்கை. மரக்காணம் உப்பளத்தில் வெயிலுக்குப் பயந்து பெண்களும் புடவைக்கு மேலே முழுக்கைச் சட்டைதான் போடுவார்கள். அம்மா போட்டுக்கொண்டு கூடை சுமந்ததும் அப்பாவின் சட்டையைத்தான். போன மாசியில் அப்பா போனபிறகு ஒன்பதையும் டிரங்குப் பெட்டியில் மடித்து வைத்துவிட்டாள். யாருக்கும் கொடுக்கவில்லை, எடுத்துப் பார்க்கவும் இல்லை.

ஒருநாள் ராத்திரி பெங்களூரில் தூக்கம் வராமல் அமெரிக்காவின் அலபாமாவில் இருக்கும் ஜீஸ் பெண்ட் என்ற ஊரைப் பற்றிப் படித்தேன். பருத்திக் காட்டில் உழைத்த கறுப்பினப் பெண்கள், கிழிந்த வேலைத்துணிகளை ஒட்டுப்போட்டுப் போர்வை தைத்த ஊர். 1942இல் மிசோரி பெட்வே என்பவர் இறந்துபோன கணவரின் வேலைத்துணிகளை வெட்டி ஒரு போர்வை செய்தார். 2002இல் அந்த ஊர்ப் போர்வைகள் ஹூஸ்டனிலும் நியூயார்க்கிலும் அருங்காட்சியகச் சுவரில் தொங்கின. படித்து முடித்ததும் எனக்கு அந்த டிரங்குப் பெட்டிதான் கண்ணில் நின்றது.

அம்மாவுக்கு இது புதுசில்லை. ஐப்பசியில் மழை பிடித்தால் பாத்தியெல்லாம் வெள்ளம், தை வரை உப்பு வேலை கிடையாது. அந்த மாதங்களில் அம்மா தைப்பாள். டெய்லர் கடையிலிருந்து ஒரு பை வெட்டுத்துணி வரும். டூ பை டூ ஜாக்கெட் துணியில் கைக்குழி வெட்டிய பிறைகள், கழுத்து வெட்டிய முக்கோணங்கள். முதலில் எல்லாவற்றையும் ஒரு ராத்திரி ஊறவைப்பாள். புதுத்துணி சுருங்கும், பழசு ஏற்கெனவே சுருங்கியிருக்கும். ஊறவைக்காமல் சேர்த்துத் தைத்தால் முதல் துவையலிலேயே சுருக்கம் விழுந்துவிடும். பாலியஸ்டரைத் தனியே எடுத்துப் போடுவாள். பழைய நூல்புடவையை நாலாக மடித்து, மேலே துண்டுகளைப் பரப்பி, ஓட்டுத்தையல் ஓட்டுவாள். மிஞ்சிய கிழிசல் தலைக்குச் சும்மாடு ஆகும்.

அப்படி ஒன்றைத்தான் இன்ஜினியரிங் ஹாஸ்டலுக்குக் கொடுத்தனுப்பினாள். முதல் வாரமே ரூம்மேட் ஒருவன், "என்னடா இது, கரித்துணியா?" என்றான். சிரித்தேன். அடுத்த மாதம் ஒரு சோலாப்பூர் போர்வை வாங்கினேன். அம்மாவுடையது மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் கிடந்து மக்கிப்போனது. தொலைந்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். இன்றைக்கு அதே மாதிரி ஒன்று பெங்களூர்க் கடையில் பல ஆயிரத்துக்குத் தொங்குகிறது. ஆபீசில் தினமும் 'பேட்ச்' போடுகிறவன் நான். அந்த வார்த்தைக்கு ஒட்டு என்றுதான் அர்த்தம்.

திண்டிவனத்தில் பஸ் மாறி ஊருக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன். "அப்பா சட்டையில ஒண்ணு தைச்சுக் கொடும்மா."

"உப்புச் சட்டை தாங்காதுடா," என்றாள். அவ்வளவுதான்.

எனக்குக் கோபம். எங்கள் ஊரிலிருந்து தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் ஆரோவில். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, அங்கே இருக்கும் உபாசனா என்ற ஆடை வடிவமைப்பு நிறுவனம், மீனவப் பெண்களுக்கு மிச்சத் துணியில் கட்டைவிரல் அளவுப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தது. பெயர் சுனாமிகா. அந்தப் பொம்மையை விற்பதில்லை, பரிசாகத்தான் தருவார்கள். கடலைப் பார்க்கவே பயந்திருந்தவர்களின் கைக்கு முதலில் ஒரு வேலை கொடுத்தார்கள். அம்மாவின் கையும் பத்து மாதமாகச் சும்மா இருந்தது. அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

மறுநாள் அவளே பெட்டியைத் திறந்தாள். ஒரு சட்டையின் முதுகை இரண்டு கையாலும் பிடித்து லேசாக இழுத்தாள். அப்பளம் மாதிரி கிழிந்தது. வியர்வையும் உப்பும் வெயிலும் இழையைத் தின்றிருந்தன. "ஊசி குத்துனா குத்துன இடமே பிரிஞ்சிடும். இதத்தான சொன்னேன்?"

என் முகத்தைப் பார்த்திருப்பாள் போல. பிளேடை எடுத்து மார்புப் பாக்கெட்டின் தையலைப் பிரித்தாள். அடியில் ஒரு சதுரம், அடர் நீலம். இத்தனை வருடம் சாம்பல் என்று நான் நினைத்திருந்த சட்டை அது. வாங்கிய அன்றைய நிறம் உள்ளேயே இருந்திருக்கிறது. பீடிக்கட்டு இருந்த இடம். அம்மா அதை நகத்தால் கீறிப் பார்த்தாள். "இது தாங்கும்."

ஒன்பது சட்டையில் ஆறு சதுரம் தேறியது. ஒரு போர்வைக்குப் போதாது. வடகர்நாடகத்தின் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவண்டிப் போர்வையில் நாலு மூலையிலும் மடித்த துண்டு ஒன்றை வைப்பார்கள், பூ என்று பெயர் என்று சொன்னேன். அம்மா பதில் சொல்லாமல் சதுரங்களை நடுவில் வைத்துச் சுற்றிலும் டெய்லர் கடைத் துண்டுகளைப் பரப்பினாள்.

அன்று மதியம்தான் தண்ணீர்த் தொட்டிக் கதையைச் சொன்னேன். அம்மா ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும். தொலையிற துணியாடா அது?"

பிறகு நான் தைத்த வரியைப் பார்த்தாள். பல் இளித்துக்கொண்டிருந்தது. பிரித்துவிட்டு, நூலை என்னிடம் நீட்டினாள். "திரும்பப் போடு."