அது படியா, சார்?

உங்கள் ஆபீஸ் பக்கத்து ஓட்டல் வாசலில் எத்தனை படி? யோசிக்காமல் சொல்லுங்கள் பார்ப்போம். தெரியாது! தினம் இரண்டு வேளை காபிக்கு ஏறி இறங்குகிறீர்கள், ஆனாலும் தெரியாது. உங்கள் மேல் தப்பில்லை. கால் நன்றாக இருக்கிறவன் கண்ணுக்குப் படி தெரியாது.

என் நண்பன் ஒருவனுக்குத் தெரியும். கடலூரில் மஞ்சக்குப்பத்திலிருந்து ஓ.டி. வரைக்கும் எந்த ஓட்டலுக்கு எத்தனை படி, எந்த மெடிக்கல் ஷாப் வாசல் எத்தனை அங்குலம் என்று மனப்பாடமாக ஒப்பிப்பான். என்னோடு பி.காம். படித்தவன். பதினோரு வருஷம் முன்பு பைக் விபத்தில் முதுகுத்தண்டில் அடி. அன்றிலிருந்து வீல்சேர். வீட்டில் உட்கார்ந்து நாலைந்து கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு பார்க்கிறான். வாய் மட்டும் காலேஜில் இருந்த அதே வாய். (அவன் எனக்கு மாப்ள, நான் அவனுக்கு மாப்ள. யார் யாருக்குப் பெண் கொடுத்தது என்று கேட்காதீர்கள்.)

"மாப்ள, சிதம்பரம் போய் ஒரு படம் பாத்துட்டு, இட்லியும் கத்தரிக்கா கொத்சும் சாப்பிட்டுட்டு வரலாம்டா" என்றான் போன மாதம்.

கடலூரிலிருந்து சிதம்பரம் சுமார் 45 கிலோமீட்டர். உங்களுக்கு ஒரு மணி நேர வேலை. எங்களுக்கு இரண்டு நாள் திட்டம். (பஸ் எல்லாம் பேசவே வேண்டாம். அது தனிக் கட்டுரை.) கார் பேசினோம். தியேட்டருக்குப் போன் போட்டேன்.

"வீல்சேர்ல வர்றோம். வாசல்ல படி இருக்குங்களா?"

"படியா? அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார். தாராளமா வாங்க!"

போனோம். ஐந்து படி.

"என்னங்க, படி இல்லேன்னீங்களே?"

அந்த மனிதர் திரும்பி வாசலைப் பார்த்தார். அப்புறம் எங்களைப் பார்த்தார். "அது படியா, சார்?"

சத்தியமாகச் சொல்கிறேன், அவர் பொய் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் அவரே அதை முதல் தடவையாகப் பார்க்கிறார்!

"கவலைப்படாதீங்க, ஆள் இருக்கு. தூக்கிடலாம்."

நம் ஊரில் உதவிக்கு மட்டும் பஞ்சமே கிடையாது. ஒரு குரலுக்கு நாலு பேர் வந்துவிட்டார்கள். ஒருவர் சக்கரத்தைப் பிடித்தார். ஒருவர் கைப்பிடியைப் பிடித்தார். (அது கழன்று வருகிற ரகம்!) மூன்றாமவர் கேட்காமலேயே அவன் அக்குளில் கைவிட்டார். நான்காமவர் எதையும் தொடாமல் "பாத்து, பாத்து" என்று டைரக்‌ஷன். டிக்கெட் க்யூ மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ஒரு அம்மா உச் கொட்டினார்.

உள்ளே முதல் வரிசைக்கும் முன்னால் அவனை நிறுத்தினார்கள். மற்ற வரிசைக்கெல்லாம் மேலே ஏற வேண்டுமாம். இரண்டரை மணி நேரம் ஹீரோவின் மூக்குத் துவாரத்தைத்தான் பார்த்தோம்.

"அவங்க நல்லவங்கதான்டா" என்றான் இடைவேளையில். "கீழ போட்டா அவங்களுக்குப் பாவம், எனக்கு ஆஸ்பத்திரி. அதைக்கூட விடு. உள்ள வர நாலு தேங்க்ஸ், வெளிய போக நாலு தேங்க்ஸ். வெறும் காபி குடிக்கப் போனாலும் எட்டு தேங்க்ஸ் சொல்லணும். வாய் வலிக்குதுடா."

எனக்கு என்னவோ, இந்த நல்ல மனசுதான் நம் ஊரில் சாய்தளம் வராததற்குக் காரணம் என்று படுகிறது. தூக்க நாலு பேர் இருக்கும்போது சிமென்ட் எதற்கு?

பாப்கார்ன் வாங்கினேன். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வேண்டாம் என்றான். முதல் நாள் ராத்திரியிலிருந்தே அவன் தண்ணீர் குடிக்கவில்லை. காரணம், அவனுக்கு நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை சுத்தமான பாத்ரூம் வேண்டும். அதில் சேர் நுழைய வேண்டும். அவன் வீல்சேரின் அகலம் 26 அங்குலம். அந்தத் தியேட்டரில் பாத்ரூம் கதவு 24. முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று சுலபமாக வரும், தண்ணீரை நிறையக் குடிக்க வேண்டும் என்பார்கள் டாக்டர்கள். இவன் ஒரு சினிமாவுக்காகத் தொண்டையைக் காயப் போடுகிறான். வருஷத்துக்கு இரண்டு படத்துக்கு மேல் போகாததற்குக் காரணம் டிக்கெட் விலை இல்லை.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். பேஷாக இருக்கிறது! 1995-லேயே ஒன்று வந்தது. போதாதென்று 2016-ல் இன்னொன்று. தனியார் கட்டடமாக இருந்தாலும், பொதுமக்கள் வந்து போகிற இடமென்றால் அதுவும் பொதுக் கட்டடம்தான் என்கிறது அது. ஆக ஓட்டலும் உண்டு, தியேட்டரும் உண்டு. பழைய கட்டடங்களைச் சரிசெய்ய, விதிகள் வந்த நாளிலிருந்து ஐந்து வருஷம் கெடு. விதிகள் வந்தது 2017 ஜூனில். கெடு எப்போது முடிந்தது என்று நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள். அந்த விதிகளே 'செய்தால் தேவலை' என்கிற தோரணையில்தான் இருக்கின்றன, மூன்று மாதத்தில் கட்டாய விதிகளைக் கொண்டு வாருங்கள் என்று 2024 நவம்பர் 8-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டே சொல்ல வேண்டி வந்தது.

சட்டத்தை மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம். மறுபடியும் மீறினால் 50,000-லிருந்து 5 லட்சம் வரை. "ஜி.எஸ்.டி. லேட் ஃபீஸ்னா நடுங்குறாங்க. இதை ஒருத்தனும் கண்டுக்கறதில்ல" என்றான் மாப்ள.

சாயங்காலம் கொத்சு. ஓட்டல் வாசலில் மூன்று படி. மறுபடி நாலு பேர் ஓடி வந்தார்கள். இவன் கையைக் காட்டி நிறுத்தி, "பின்பக்கம் வழி இருக்கா?" என்றான். இருந்தது! அரிசி மூட்டையும் கேஸ் சிலிண்டரும் உருட்டிப் போகிற சரிவு. சமையல்கட்டு வழியாக நாங்களே தள்ளிக்கொண்டு போனோம். மாஸ்டர் சட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த மெதுவடை இரண்டை இலையில் வைத்து நீட்டினார். ஓட்டலுக்குள் நேர்வழியில் போகிற உங்களுக்கு அது கிடைக்குமா?

சர்வர் என்னைப் பார்த்து, "அவருக்கு என்ன சார் வேணும்?" என்றார்.

"எனக்குக் கால்தான் வராது தம்பி, பேச்சு வரும். ரெண்டு இட்லி, கொத்சு நிறைய" என்றான் இவன்.

கல்லாவில் இருந்த பெரியவர் சிரித்துவிட்டு எழுந்து வந்தார். "வாசல்ல ஒரு சரிவு போட்டுரலாம் தம்பி. ஆனா வீல்சேர்ல யாரும் வர்றதில்லையே?"

"படி இருக்கு, அதான் வர்றதில்லய்யா."

மெரினாவைப் பற்றிச் சொன்னான். 2022 நவம்பரில் அங்கே கடல் வரைக்கும் மரப்பாதை போட்டார்கள். அதுவரை ரோட்டோரத்தில் நின்று அலைச் சத்தம் மட்டும் கேட்டவர்கள் சக்கரத்தோடு அலை பக்கம் போனார்கள். டிசம்பரில் மாண்டஸ் புயல் வந்து அதில் கொஞ்சத்தைப் பிய்த்துப் போட்டது வேறு கதை.

"எங்கிட்ட கொத்தனார் இருக்கார். நாளைக்கே போட்டுருவார்" என்றார் பெரியவர்.

மாப்ள அலறிவிட்டான். "அய்யய்யோ, அளவு சொல்லாம போடாதீங்க!" கடை வாசல்களில் நீங்கள் பார்க்கிற சரிவெல்லாம் ஸ்கூட்டர் ஏற்றப் போட்டது. அதில் வீல்சேர் ஏறினால் மல்லாக்க விழும். கணக்கு இதுதான்: ஓர் அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம். 6 அங்குலத்தில் மூன்று படி என்றால் 18 அங்குல உயரம். ஆக 18 அடி நீளம்.

"18 அடியா? எதிர்க்கடைக்குள்ள போயிடுமே தம்பி! ஆக்கிரமிப்புன்னு இடிச்சுட்டா?"

நியாயமான பயம். தெருவுக்கும் வாசலுக்கும் நடுவே சாக்கடை வேறு. மாப்ள பையிலிருந்து டேப்பை எடுத்தான். (ஆமாம், பையிலேயே வைத்திருக்கிறான்.) என்னை அளக்க விட்டான். நேராகப் போடாமல், சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் கொண்டு போனால் அவருடைய இடத்துக்குள்ளேயே அடங்குகிறது. ஆனால் அங்கே இரண்டு பைக்கும் காலி சோடா கிரேட்டுகளும் இருக்கின்றன. பைக் இரண்டும் பெரியவரின் மகன்களுடையவை. அவர்களிடம் பேச வேண்டுமாம்.

பில்லின் பின்பக்கம் படம் போட்டு, நீளம், உயரம், கைப்பிடி, மேலே சேர் திரும்ப இடம் எல்லாம் எழுதிக் கொடுத்தான். பாத்ரூம் கதவு மூன்றடி அகலம் இருக்கட்டும் என்றும் ஒரு வரி. அதைப் படித்துவிட்டுப் பெரியவர், "இது வேறயா!" என்றார். ஆனாலும் சீட்டை மடித்துக் கல்லாவில் போட்டுக்கொண்டார். கிரேட்டுகளை அன்றைக்கே எடுக்கச் சொல்லிவிட்டார். பைக் பற்றிப் பேச்சில்லை.

அடுத்த மாதம் மறுபடி போகிறோம். அன்றைக்குக் காலையில் தண்ணீர் குடிக்கலாமா என்று கேட்டேன்.

"முதல்ல அவருக்குப் போன் போடு. படி இருக்கான்னு மட்டும் கேக்காத. பைக் நிக்குதான்னு கேளு" என்றான்.