சொன்ன அளவும் கண்ட அளவும்

ஓர் ஊர்தியின் உயரத்தை இறுதியில் தீர்மானிப்பது அது கடக்க வேண்டிய பாதையிலுள்ள மிகத் தாழ்ந்த பாலமே என்று நம் முன்னாள் மாணவர் ஒருவர் அண்மையில் சொன்னார். நம்மிடம் தமிழ் இளங்கலை பயின்றவர் அவர். இப்போது கோயம்புத்தூரில், அமெரிக்க வாகனப் போக்குவரத்துத் தரகு நிறுவனம் ஒன்றுக்காக இரவுப் பணி பார்க்கிறார். அங்கே பகலாக இருக்கும்போது இவருக்கு இரவு. டெக்சாஸிலோ ஜார்ஜியாவிலோ இருந்து ஒருவர் அழைப்பார். தம் வண்டியை இரண்டாயிரம் மைல் அப்பால் உள்ள ஊருக்குச் சேர்ப்பிக்க வேண்டும் என்பார். விவரங்களைக் கேட்டுக் கணினியில் பதிந்து, ஏற்றிச் செல்ல ஓர் ஓட்டுநரைப் பிடித்துக் கொடுப்பது இவர் வேலை.

சாதாரண கார் என்றால் தொல்லை இல்லை. தொல்லையெல்லாம் ‘லிஃப்டட் டிரக்’ எனப்படும் உயர்த்தப்பட்ட பிக்கப் வண்டிகளால்தான். தொழிற்சாலையிலிருந்து வரும் பெரிய பிக்கப் ஏறத்தாழ ஆறரை அடி உயரம் இருக்கும். அதை வாங்கியவர் சஸ்பென்ஷனை மாற்றி உடலை மேலே தூக்குவார். பெரிய டயர்களைப் பூட்டுவார். கூரையில் விளக்குத் தண்டு ஒன்றையும் பொருத்துவார். கரடுமுரடான நிலத்தில் ஓட்டுவதற்கென்று தொடங்கிய வழக்கம் இது. இன்று பலருக்கு அது தோற்றப் பொலிவு. சிலருக்குத் தம்மையே சற்று உயர்த்திக்கொண்ட உணர்வு. அந்த ஆசையை எள்ளி நகையாட நமக்கு விருப்பமில்லை. நம் ஊரிலும் புல்லட்டின் புகைபோக்கியை மாற்றித் தெருவையே எழுப்புகிற இளைஞர்கள் உண்டு.

இதில் உள்ள கணக்கு எளியதுதான், ஆனால் பலரும் தடுமாறுகிற கணக்கு. 33 அங்குல விட்டமுள்ள டயரைக் கழற்றி 37 அங்குல டயரைப் பூட்டினால் வண்டி எவ்வளவு உயரும்? நான்கு அங்குலம் என்று நாவில் வரும். அச்சு சக்கரத்தின் நடுவில் இருப்பதால் உயர்வது இரண்டு அங்குலம் மட்டுமே. அதனுடன் சஸ்பென்ஷன் தூக்கிய ஆறு அங்குலத்தைச் சேர்த்தால் எட்டு. விளக்குத் தண்டுக்கு நான்கு. ஆறரை அடி வண்டி இப்போது ஏழரை அடி.

சாலையின் கணக்கு வேறு. அமெரிக்கக் கூட்டரசு, வாகன உயரத்துக்கென்று நாடு முழுமைக்குமான வரம்பு எதையும் விதிக்கவில்லை. அது மாநிலங்களின் பொறுப்பு. கிழக்கு மாநிலங்கள் பெரும்பாலானவற்றில் சுமையும் வண்டியும் சேர்ந்து 13 அடி 6 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. மேற்கே பல மாநிலங்கள் 14 அடி வரை விடுகின்றன. அகலம் 8 அடி 6 அங்குலம். அது 1982ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. கார்களை இரண்டு தளங்களில் அடுக்கிச் செல்லும் டிரெய்லரில் ஏழரை அடி வண்டியை ஏற்றினால் மிச்சம் ஆறு அடி. அதற்குள் இன்னொரு காரும் இரண்டு தளங்களின் கனமும் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் ஓரிடம் வெறுமையாகவே போகும். அந்த இடத்தின் கூலியையும் உயர்ந்த வண்டிக்காரரே தர வேண்டும். வண்டி ஒன்பது அடி என்றால், ஐந்தடி உயரத் தளமுள்ள சாதாரண டிரெய்லரில் ஏற்றியதும் 14 அடி ஆகிவிடும். அப்போது தளம் பாதியில் இறங்கிச் செல்லும் படித்தள டிரெய்லரோ, நம்மூரில் லோபெட் என்று சொல்கிற தாழ்தள வண்டியோ வேண்டும். சக்கரங்கள் பக்கவாட்டில் பிதுங்கி அகல வரம்பைத் தாண்டினால், கடக்கும் ஒவ்வொரு மாநிலத்திலும் தனித்தனி பர்மிட், ‘ஓவர்சைஸ் லோட்’ என்ற மஞ்சள் பலகை, பல இடங்களில் பகலில் மட்டுமே பயணம்.

இந்தக் கலையில் தேர்ந்தவர்கள் மான்ஸ்டர் டிரக் வைத்திருப்பவர்களே. கார்களை நசுக்கி வித்தை காட்டும் அந்த வண்டிகளின் டயர் 66 அங்குல உயரம். அகலம் ஏறத்தாழ 12 அடி. ஊர் ஊராகக் கொண்டு செல்லும்போது பெரிய டயர்களைக் கழற்றிவிட்டுச் சிறிய டயர்களைப் பூட்டி டிரெய்லருக்குள் அடக்கிவிடுகிறார்கள். அரங்கில் எத்தனை பெரிதாக நின்றாலும் சாலையில் எத்தனை சிறிதாக வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

நம் மாணவரை அழைப்பவர்கள் அவ்வாறு இருப்பதில்லை. “வண்டியில் மாற்றம் ஏதும் செய்திருக்கிறீர்களா?” என்று கேட்டால், “சிறிதளவு” என்பார்கள். எத்தனை அங்குலம் என்றால், கூலி ஏறிவிடுமே என்று ஆறை நான்கு என்பார்கள். பொய் சொல்ல எண்ணாதவர்களும், பழைய உரிமையாளர் தூக்கிவைத்த வண்டிக்கு விற்பனைக் கையேட்டு உயரத்தைச் சொல்வார்கள். அந்த எண்ணை நம்பி இரண்டு தள டிரெய்லருடன் வரும் ஓட்டுநர், வாசலில் மலைபோல் நிற்கும் வண்டியைப் பார்த்துத் திகைப்பார். பிறகு வாக்குவாதம். சில சமயம் ஓட்டுநர் வெறுங்கையோடு திரும்புவார். நூறு மைல் டீசல் வீண். சில சமயம், மாதத் தவணை நெருக்க, டயரில் காற்றை இறக்கி எப்படியோ ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்தப் பயணம்தான் நம் மாணவரின் உறக்கத்தைக் கெடுத்தது. சுமையின் உயரத்துக்குப் பொறுப்பு, பாலத்தின் அடியில் அதைக் கொண்டுசெல்லும் ஓட்டுநர்தான். எண்ணைச் சொன்னவர் வீட்டில் இருப்பார். எழுதியவர் கோயம்புத்தூரில் இருப்பார்.

வட கரோலைனா மாநிலத்தின் டர்ஹம் நகரில் 1940இல் கட்டிய ரயில் பாலம் ஒன்று உண்டு. அதன் இடைவெளி 11 அடி 8 அங்குலம். எச்சரிக்கைப் பலகைகளும் விளக்குகளும் இருந்தும் லாரிகள் வந்து மோதிக் கூரையை இழந்துகொண்டே இருந்தன. டப்பா திறப்பான் என்றே அதற்குப் பட்டப்பெயர். சாலையைத் தாழ்த்த முடியாதபடி கீழே கழிவுநீர்க் குழாய் செல்கிறது. 2019இல் பாலத்தை 8 அங்குலம் உயர்த்தி 12 அடி 4 அங்குலமாக்கினார்கள். அதன் பின்னும் லாரிகள் மோதுகின்றன.

அங்கே போவது கூரை. வாஷிங்டன் மாநிலத்தில் போனது பாலமே. 2013 மே 23 அன்று, ஸ்காஜிட் ஆற்றின் மேலுள்ள நெடுஞ்சாலைப் பாலத்தில் உயரமான சுமையேற்றிய லாரி ஒன்று நுழைந்தது. அதனிடம் பர்மிட் இருந்தது. முன்னே, அளவுகோல் கம்பு கட்டிய வழிகாட்டி வண்டியும் சென்றது. பாலத்தின் மேற்சட்டங்கள் வில்போல் வளைந்தவை. நடுவில் உயரம் அதிகம், ஓரத்தில் குறைவு. லாரி ஓரத் தடத்தில் சென்று சட்டங்களை இடித்தது. 1955இல் கட்டிய பாலத்தின் ஒரு கண் அப்படியே ஆற்றில் விழுந்தது. இரண்டு வாகனங்கள் நீரில் விழுந்தன. மூவரை உயிருடன் மீட்டார்கள். வழிகாட்டி வண்டியின் ஓட்டுநர் அவ்வேளையில் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார் என்று விசாரணை கண்டது. கம்பு இருந்தது, காண்பவர் கவனம் இல்லை.

ஒரு ஞாயிறு மாலை மாணவர் வீட்டுக்கு வந்து இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு, “ஐயா, நான் என்ன செய்வது?” என்று கேட்டார். டேப் வைத்து அளந்து படம் அனுப்புங்கள் என்று இவர் கேட்டால் அழைத்தவர்கள் சலித்துக்கொண்டு வேறு நிறுவனத்துக்குப் போய்விடுகிறார்கள். வாடிக்கையாளர் சொன்னதை எழுது, மேலே கேட்காதே என்பது மேலாளரின் கட்டளை. மாத இலக்கு குறைந்தால் ஊக்கத்தொகை போய்விடும். தங்கையின் கல்லூரிக் கட்டணம் அதிலிருந்துதான் செல்கிறது. வேலையை விட்டுவிடுங்கள் என்று சொல்வது நமக்கு எளிது. அதைச் சொல்ல மனம் வரவில்லை.

அப்போது நினைவுக்கு வந்தது அவருக்கு நாம் நடத்திய மணிமேகலைப் பாடம். தமிழில் அளவை என்ற சொல்லுக்கு இரு பொருள். நாழியும் முழமும் அளவை. ஒன்றை உண்மையென அறியும் வழியும் அளவை. வஞ்சி நகரில் மணிமேகலை கேட்கும் அளவைவாதி அறியும் வழிகள் பத்தென்பான். பின்னர் அறவண அடிகள் பௌத்த நெறியில் காண்டல், கருதல் என்ற இரண்டையே அளவையாகக் கூறுவார். பிறர் சொன்னதைக் கேட்டறிவதற்கு அங்கே தனி இடம் இல்லை. மதிப்பெண்ணுக்காகப் படித்துவிட்டு மறக்கிற பகுதி என்றே மாணவர்கள் அதைக் கருதுவார்கள்.

“தம்பி, நீங்கள் எழுதும் எண் எந்த அளவையால் வந்தது என்பதையும் எழுத முடியுமா?” என்று கேட்டோம். அவர் சற்று யோசித்து, குறிப்புக்கென ஒரு கட்டம் உண்டு, பெரும்பாலும் அதை யாரும் நிரப்புவதில்லை என்றார்.

அன்றிலிருந்து அந்தக் கட்டத்தில் ஒரு வரி எழுதுகிறார்: “உயரம் உரிமையாளர் சொன்னது, அளக்கப்படவில்லை.” படம் வந்திருந்தால், “டேப்புடன் படத்தில் கண்டது.” சொன்னதைத்தான் எழுதுகிறார் என்பதால் மேலாளரால் குறை சொல்ல முடியவில்லை. ஆயினும் அந்த வரியைப் பார்த்துச் சில ஓட்டுநர்கள் சுமையை எடுக்கத் தயங்கினார்கள். இரண்டு மாதம் ஊக்கத்தொகை குறைந்தது. அந்த இழப்பை நாம் மறைக்க விரும்பவில்லை. தங்கையின் கட்டணத்துக்கு அந்தப் பருவத்தில் கடன்தான் வாங்கினார்.

சென்ற மாதம் தொலைபேசியில் பேசினார். கலிஃபோர்னியாவில் வண்டி ஓட்டும் பஞ்சாபிப் பெரியவர் ஒருவர், இவர் குறிப்பைப் படித்துவிட்டுத் தாமே உரிமையாளரை அழைத்து அளக்கச் சொல்லியிருக்கிறார். எண் எட்டு அங்குலம் கூடிவிட்டது. படித்தளம் கொண்ட டிரெய்லருடன் போய் ஏற்றிக்கொண்டாராம். இப்போது சுமை எடுக்கும் முன், இது அந்தத் தமிழ்ப் பையன் எழுதியதுதானா என்று கேட்கிறாராம். இதைச் சொல்லும்போது மாணவரின் குரலில் இருந்த மகிழ்ச்சியை, பட்டம் பெற்ற நாளில்கூட நாம் கேட்டதில்லை.

“ஊக்கத்தொகை?” என்று கேட்டோம்.

“இன்னும் பழைய அளவுக்கு வரவில்லை ஐயா. ஆனால் தூக்கம் வருகிறது” என்றார்.