மாடிப்படியின் கீழே ஒரு மாணவன்

கல்லூரி மலரில் திரைப்படப் பேச்சா எனச் சமுதாயப் பெரியவர்கள் முகம் சுளிக்கக்கூடும். ஆயினும், கே. பாலசந்தரின் ‘எதிர்நீச்சல்’ (1968) நம் விருப்பப் படம் என்பதை மறைப்பானேன்?

நாகேஷ் ஏற்ற மாது ஓர் அநாதை. பல குடித்தனங்கள் வாழும் வீட்டில் மாடிப்படியின் கீழ் ஒண்டி, அனைவருக்கும் ஏவல் செய்து, அவர்கள் தரும் மிஞ்சிய உணவை உண்டு படிக்கிறான். கடைக்கு ஓடுவதை அவன் எவரிடமும் ஒளிப்பதில்லை. நம் நெஞ்சில் நின்றது அதுவே. பகுதிநேர வேலையைத் தோழரிடம் மறைக்கவே வகுப்பைத் தவிர்த்து, இறுதியில் படிப்பையும் விட்டோர் உளர்.

படத்துக்கு வெளியேயும் ஒரு கதை உண்டு. தலைமைக் கணக்காயர் அலுவலகப் பணியினூடே நாடகம் எழுதியவர் பாலசந்தர். இப்படமும் அவரது நாடகமே. வாய்ப்புத் தேடிய நாள்களில் தியாகராய நகரில் ஓரறையில் தங்கியவர்கள் நாகேஷ், ஸ்ரீகாந்த், கவிஞர் வாலி. நாகேஷ் நாயகனாக, ஸ்ரீகாந்த் உடன் நடிக்க, வாலி பாடல் புனைய, மூவரும் இப்படத்தில் ஒன்றுகூடினர்!

தமிழ்த்துறை இதனை ஒருமுறை திரையிட வேண்டுகிறோம். மாலையில் பாண்டி பஜார்க் கடைகளுக்குப் பணிக்குச் செல்லும் மாணவரும் காணுமாறு, முற்பகலில் வைத்தல் நலம்.