ஆறப் பொறுக்காதா அத்தை?

அம்பத்தூர் ஒரகடத்துக்கு நான் மருமகளாக வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். சாயங்காலம் ஐந்து மணி ஆனால் என் மாமியாருக்குச் சுக்கு மல்லிக் காபி வேண்டும். அதுவும் அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு. கொஞ்சம் தணிந்திருந்தாலும், "ஆறின கஞ்சி பழங்கஞ்சி, எனக்கு வேணாம்" என்று டம்ளரைத் தள்ளிவிடுவார்.

போன ஆடி மாதம் அவருக்குச் சோறு விழுங்கும்போது நெஞ்சை அடைத்தது. "வாயுதாம்மா. இன்னும் ரெண்டு சுக்கு தட்டிப் போடு" என்றார். இரண்டு வாரமாகியும் சரியாகவில்லை. வற்புறுத்தி டாக்டரிடம் அழைத்துப் போனேன். குழாய் விட்டுப் பார்த்தார்கள். முடிவு வருகிற வரை என் உயிர் என்னிடம் இல்லை. நல்லவேளை, வெறும் புண்தான், புற்று இல்லை.

"கஷாயத்தை நிறுத்திடட்டுமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"புண் ஆறுகிற வரை காரம் வேண்டாம். அப்புறம் குடிக்கட்டும், ஆனால் இவ்வளவு சூடு ஆகாது. முதலில் புகையிலையை விடச் சொல்லுங்க" என்றவர், விளக்கமும் சொன்னார்.

அர்ஜென்டினா, உருகுவே பக்கம் 'மாத்தே' என்று ஓர் இலைக் கஷாயம் உண்டாம். அதைக் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பவர்களுக்கு உணவுக்குழாயில் புற்று அதிகம் என்று, 1991-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு அதைச் சந்தேகப் பட்டியலில் சேர்த்தது. 2016-ல் மறுபடி ஆராய்ந்தபோது, இலையைக் குற்றம் சொல்ல ஆதாரம் போதவில்லை. பழி சூட்டின் மேல் விழுந்தது. காபியோ, டீயோ, கஷாயமோ, 65 டிகிரிக்கு மேல் சூடாகவே குடித்து வந்தால் புற்று வர வாய்ப்பு உண்டு என்றார்கள். உள்ளே இருக்கும் மெல்லிய தோல் தினமும் வெந்தால் என்ன ஆகும்?

இதற்காக எல்லா மூலிகையும் சாது என்று நினைத்துவிடாதீர்கள். ஆடுதீண்டாப்பாளை இனச் செடிகள் சிறுநீரகத்தைக் கெடுத்து, சிறுநீர்ப் பாதையில் புற்று உண்டாக்கும் என்பது உறுதியான விஷயம். என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத பொடியைக் காய்ச்சிக் குடிக்கவே கூடாது. விழுங்கச் சிரமம் என்று வீட்டில் யார் சொன்னாலும், வாயு என்று விட்டுவிடாதீர்கள்.

இப்போதெல்லாம் டவராவில் ஊற்றி நாலு ஆற்று ஆற்றி, ஐந்து நிமிஷம் வைத்துத்தான் கொடுக்கிறேன். உதட்டில் வைத்தால் சுடக்கூடாது. அதுதான் என் கணக்கு. முதல் நாள் அத்தை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"ஆக்கப் பொறுத்தவங்களுக்கு ஆறப் பொறுக்காதா அத்தை?" என்றேன்.

"உன் வாய்க்கு யார் பதில் சொல்றது!" என்று சிரித்தபடி வாங்கிக்கொண்டார்.

புகையிலைப் பொட்டலம் மட்டும் இன்னும் சுருக்குப் பையில்தான் இருக்கிறது. அதையும் ஒரு நாள் வாங்கிவிடுவேன்.