துறவி நண்டும் நாங்கள் அள்ளி வந்த சங்குகளும்



சில ஆண்டுகளுக்கு முன்னர், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய எங்கள் தமிழ்ப்பள்ளியின் ஐந்தாம் ஆண்டு மாணவர்களை மலாக்கா, தஞ்சோங் பிடாரா கடற்கரைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். கலைக்கல்விப் பாடத்திற்காகச் சங்குகளைப் பொறுக்குமாறு பணித்தவள் நானே. மாணவர்கள் இரண்டு வாளி நிறையச் சேர்த்தனர். மறுநாள் காலை வகுப்பறையைத் திறந்தபோது நாற்றம் வீசியது. சில சங்குகளுக்குள் சின்னஞ்சிறு நண்டுகள் இறந்து கிடந்தன. "டீச்சர், நாம இதுங்க வீட்டையெல்லாம் தூக்கிட்டு வந்துட்டோமா?" என்று ஒரு மாணவி கேட்டாள். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் அறிவியல் கற்பித்தலைப் பயின்றவளாக இருந்தும், எனக்கு உடனே விடை கூறத் தெரியவில்லை. அதன்பின் தேடிப் படித்தவற்றையே இங்குப் பகிர்ந்து கொள்கிறேன்.

மலாய்மொழியில் 'உமாங்-உமாங்' எனப்படும் இந்த உயிரினத்தைத் தமிழில் துறவி நண்டு என்கிறோம். பிறர் பொருளை அணிந்து திரிபவரை உமாங்-உமாங்கிற்கு ஒப்பிடும் மலாய்ப் பழமொழியும் உண்டு. ஆனால், அது ஆசைக்காகச் சங்கை அணிவதில்லை. அதன் முன்னுடலில் மட்டுமே கெட்டியான ஓடு உண்டு. வயிற்றுப் பகுதி மென்மையானது; வலப்புறமாகச் சுருண்டது. பெரும்பாலான கடல்நத்தைகளின் ஓடும் வலப்புறமாகவே சுழல்வதால், இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. இந்தப் பொருத்தம் மிகப் பழைமையானது. ஏறத்தாழ 130 மில்லியன் ஆண்டுகளுக்கு முற்பட்ட அம்மோனைட் ஓட்டினுள் ஒரு துறவி நண்டின் புதைபடிவம் இங்கிலாந்தில் கிடைத்துள்ளது.

துறவி நண்டுகளுள் நிலத்தில் வாழும் குடும்பம் ஒன்று உண்டு. அதில் சீனோபிட்டா, பிர்கஸ் என இரண்டே பேரினங்கள். சீனோபிட்டா நண்டு சங்கினுள் சிறிதளவு நீரைச் சுமந்து திரிகிறது. அந்த ஈரம் இல்லையேல் செவுள்கள் காய்ந்து அது மூச்சுவிட இயலாமல் மடியும். நிலத்தில் வாழ்ந்தாலும், பெண் நண்டு முட்டைகளைக் கடலில்தான் விட வேண்டும். குடம்பிகள் கடலில் மிதந்து வளர்ந்து, பின்னர் ஒரு சிறிய சங்கைத் தேடிப் பிடித்துக் கரையேறுகின்றன.

பிர்கஸ் என்பது தென்னை நண்டு. இளமையில் சங்கு சுமக்கும். வளர்ந்தபின் வயிற்றுப்பகுதி கெட்டிப்பட்டுச் சங்கைத் துறந்துவிடும். சங்கின் அளவு தடையாக இல்லாததால் 4 கிலோ வரை வளர்கிறது. ஆயினும், பெண் நண்டின் வயிற்றடிக் கால்கள் இன்றும் இடப்பக்கம் மட்டுமே உள்ளன. முன்னோர் சங்கில் வாழ்ந்ததற்கு இதுவே அடையாளம்.

சீனோபிட்டா என்னும் பெயர், மடத்தில் கூடிவாழும் துறவியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. எத்துணைப் பொருத்தம்! நண்டு வளர்கிறது, சங்கு வளர்வதில்லை. ஆகவே, நண்டு தன் வாழ்நாளில் பலமுறை வீடு மாற வேண்டும். பெரிய வெற்றுச் சங்கு ஒன்று கிடைத்தால், அதன் அருகே நண்டுகள் பெரியது முதல் சிறியது வரை வரிசையாக நிற்பதை ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். முதல் நண்டு புதிய சங்கில் நுழைந்ததும், அது விட்ட சங்கில் அடுத்தது நுழையும். அதனதை மூன்றாவது பெறும். ஒரே சங்கினால் பல நண்டுகளுக்கு வீடு கிடைக்கிறது. அப்படியானால், நாம் எடுத்துச் செல்லும் ஒரு சங்கினால் எத்தனை நண்டுகள் வீடிழக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

இவ்வினத்தின் இன்னோர் இயல்பே அதற்கு எமனாகிறது. ஒரு நண்டு இறந்தால், அதன் வாடை 'இங்கே சங்கு காலி' என்று மற்றவற்றை அழைக்கும். நெகிழிப் புட்டிக்குள் சிக்கி ஒன்று மடிய, அவ்வாடையை நாடி அடுத்தடுத்து வந்தவையும் மடிகின்றன. கோக்கோஸ் தீவுகளிலும் ஹெண்டர்சன் தீவிலும் ஏறத்தாழ 570,000 நண்டுகள் இவ்வாறு சிக்கியதாக 2019-இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது.

பெற்றோர்களே, வண்ணம் பூசிய சங்குகளில் விற்கப்படும் நண்டுகளைப் பிள்ளைகள் கேட்டால் சற்றே சிந்தியுங்கள். குடம்பிகளுக்குக் கடல் தேவைப்படுவதால் அவற்றை வீட்டில் இனப்பெருக்கம் செய்விப்பது மிகக் கடினம். விற்கப்படுபவை ஏறத்தாழ அனைத்தும் கடற்கரையில் பிடிக்கப்பட்டவையே.

அடுத்து வந்த பள்ளி விடுமுறையில், கழுவிக் காயவைத்த அச்சங்குகளைத் தஞ்சோங் பிடாராவிலேயே கொண்டுபோய்ப் பரப்பிவிட்டு வந்தேன். இறந்த நண்டுகள் மீளப்போவதில்லை. இப்போதும் மாணவர்களைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்கிறேன். வாளிக்குப் பதிலாக வரைதாளும் பென்சிலும் கொண்டு போகிறோம். விலங்குகளின் நீடுநிலவல் பாடத்தைத் தொடங்கும்போது, அந்த மாணவி கேட்ட கேள்வியைத்தான் முதலில் கரும்பலகையில் எழுதுகிறேன்.